பயாப்ஸி முடிவு வரும் வரை: "பரவியிருக்குமா?" என்று கேட்கும் மகளுக்கு

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 57. இடது மார்பில் 2.8 செ.மீ. கட்டி. மம்மோகிராம் ரிப்போர்ட்டில் பை-ராட்ஸ் 4சி என்று போட்டிருக்கிறார்கள். அக்குளில் ஒரு நெறி, அதன் கார்ட்டெக்ஸ் 4 மி.மீ. என்றும் இருக்கிறது. நான்கு நாள் முன்பு ஊசி மூலம் சதை எடுத்தார்கள். பாட்டிலைத் தம்பிதான் ஆய்வகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தான். இப்போது அந்த இடம் கன்றிப்போய், கட்டி முன்னைவிடப் பெரிதாகத் தெரிகிறது. "ஊசி குத்தினாலே பரவிடும், கத்தி பட்டா அவ்வளவுதான்" என்கிறார் அத்தை. அம்மாவுக்கு வெகுநாளாக இடுப்பு வலி உண்டு. எலும்புக்குப் போயிருக்குமோ என்று எனக்குத் தூக்கமே இல்லை. முழு முடிவும் வர இன்னும் பத்து நாள் ஆகுமாம். அதற்குள் பரவிவிடாதா? இப்போதே பெட் ஸ்கேன் எடுத்துவிடலாமா? அம்மா சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். அவரிடம் எதுவும் சொல்லக் கூடாது என்கிறார் அப்பா. என்ன செய்வது? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்)

பதில்:

பத்து நாளில் பரவிவிடாது. உங்களைத் தூங்கவிடாமல் செய்வது இந்தக் கேள்விதான் என்று கடிதத்தைப் படித்தால் தெரிகிறது. அதனால் இதிலிருந்தே தொடங்குகிறேன்.

2.8 செ.மீ. கட்டி போன மாதம் முளைத்ததல்ல. ஒரு செல் இரண்டாகி, இரண்டு நான்காகி, இப்படி ஏறக்குறைய 30 முறை இரட்டித்த பிறகுதான் நூறு கோடி செல்கள் சேர்ந்து 1 செ.மீ. அளவுக்கு வரும். மார்பகப் புற்றுக்கட்டி ஒருமுறை இரட்டிக்கப் பொதுவாகச் சில மாதங்கள் ஆகும். வேகமானது சில வாரங்களில் இரட்டிக்கும், மெதுவானதற்கு ஒரு வருடம்கூட ஆகலாம். ஆக, இது புற்றுநோயாகவே இருந்தாலும் அம்மாவின் உடம்பில் சில வருடங்களாக இருந்து வந்திருக்கும். அந்த வருடங்களில் வேறு இடத்துக்குப் போயிருக்கிறதா என்பது நியாயமான கேள்வி, அதற்குப் பரிசோதனையில் விடை கிடைக்கும். காத்திருக்கும் இந்தப் பத்து நாளில் போய்விடுமா என்பது வேறு கேள்வி. உங்கள் மனதில் இரண்டும் ஒன்றாகப் பின்னிக்கிடக்கின்றன. தயவுசெய்து பிரித்துப் பாருங்கள். இரண்டு மூன்று வாரக் காத்திருப்பால் சிகிச்சையின் பலன் குறைவதில்லை. மாதக்கணக்கில் இழுத்தடித்தால் குறையும். மூன்று மாதத்தைத் தாண்டினால் உண்மையிலேயே பாதகம்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. மார்பு முழுவதும் சில வாரங்களுக்குள் சிவந்து, சூடாகி, வீங்கி, தோல் ஆரஞ்சுப் பழத்தோல் போலக் குழிகுழியாக மாறினால் அது அழற்சி வகைப் புற்றாக இருக்கலாம். அப்போது முடிவுக்காகக் காத்திருக்காமல் மறுநாளே மருத்துவரைப் பாருங்கள். ஊசி போட்ட இடத்தைச் சுற்றி மட்டும் நீலமாகவோ மஞ்சளாகவோ கன்றியிருப்பது இதுவல்ல.

இனி, பரவுவது எப்படி என்று பார்ப்போம். கொட்டிய எண்ணெய் தரையில் ஓடுகிற மாதிரி என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. மார்பகப் புற்று பெரும்பாலும் பால் நாளத்தின் உள்சுவரில் தொடங்குகிறது. அந்தச் சுவருக்கு வெளியே மெல்லிய அடிச்சவ்வு ஒன்று இருக்கிறது. புற்றுச்செல்கள் அதற்குள்ளேயே அடைபட்டிருக்கும்வரை வேறெங்கும் போக வழியில்லை. ரிப்போர்ட்டில் 'இன் சிட்டு' என்று வந்தால் அர்த்தம் இதுதான். சவ்வை அரித்து வெளியே வந்துவிட்டால் 'இன்வேசிவ்' என்று எழுதுவார்கள். வெளியே வந்த செல்லுக்கு முன்னால் இரண்டு பாதைகள்: நிணநீர் நாளம் வழியாக அக்குள் நெறிகளுக்குப் போகலாம், அல்லது ரத்தக்குழாய்க்குள் நுழையலாம்.

நுழைந்துவிட்டாலே பரவிவிட்டது என்று ஆகாது. பக்கத்துச் செல்களோடு ஒட்டி வாழப் பழகிய செல் அது. தனியாகக் கழன்றாலே பெரும்பாலும் செத்துப்போகும். ரத்தத்தின் வேகம் அதைக் கிழிக்கும், எதிர்ப்புச் செல்கள் தாக்கும். தப்பிப் பிழைத்தது எங்கோ ஒரு நுண்குழாயில் சிக்கி, அதன் சுவரைத் துளைத்து வெளியேறி, பழக்கமில்லாத இடத்தில் பிழைக்க வேண்டும். அங்கே தனக்கென்று ரத்தக்குழாய்களை வரவழைத்துக்கொள்ளாவிட்டால் ஒன்றிரண்டு மில்லிமீட்டரைத் தாண்டி வளர முடியாது. 1970இல் ஐசாயா ஃபிட்லர் அடையாளமிட்ட புற்றுச்செல்களை எலிகளின் ரத்தத்தில் செலுத்திப் பார்த்தார். கட்டியாக வளரும் அளவுக்குத் தாக்குப்பிடித்தவை நூற்றில் ஒன்றுகூட இல்லை. எந்த உறுப்பில் தங்குகிறது என்பதும் குருட்டாம்போக்கில் நடப்பதில்லை. 1889இல் ஸ்டீஃபன் பேஜெட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் பார்த்துவிட்டு, விதை எங்கும் விழலாம், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்று எழுதினார். அந்தக் கருத்து இன்றும் நிற்கிறது. மார்பகப் புற்றுக்கு அந்த மண் எலும்பு, நுரையீரல், கல்லீரல், சில வகைகளில் மூளை. எலும்புக்குப் போனாலும் அதன் பெயர் மார்பகப் புற்றுதான், மருந்தும் அதற்குரியதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிழைத்த செல்கள் சில, வளராமலும் சாகாமலும் வருடக்கணக்கில் உறங்கிக்கிடக்கும். கட்டியை எடுத்த பிறகும் ஹார்மோன் மாத்திரையை 5 முதல் 10 வருடம் சாப்பிடச் சொல்வது இவற்றுக்காகத்தான். "அதான் ஆபரேஷன் ஆயிடுச்சே" என்று நடுவில் நிறுத்திவிடுபவர்கள் நிறைய. அம்மாவுக்கு அந்தச் சிகிச்சை தேவைப்பட்டால் இந்தக் காரணத்தை நினைவில் வையுங்கள்.

அத்தை சொல்வதற்கு வருவோம். ஏறக்குறைய 2 மி.மீ. தடிமனுள்ள 14 கேஜ் ஊசியால் நான்கைந்து துண்டுகள் எடுத்திருப்பார்கள். ஊசி போன தடத்தில் சில செல்கள் இடம்பெயர்வது உண்மைதான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை அங்கேயே அழிந்துவிடுகின்றன. ஊசிப் பரிசோதனை செய்ததால் மார்பகப் புற்று கூடுதலாகத் திரும்புவதாகத் தெரியவில்லை. எந்த இடத்தில் ஊசி போடக் கூடாது, எங்கே யோசித்துப் போட வேண்டும் என்பதும் மருத்துவத்தில் தெளிவாக இருக்கிறது. விரைக்கட்டியில் விதைப்பை வழியாக ஊசி போடுவதில்லை. எலும்புப் புற்றென்று சந்தேகித்தால், பின்னால் அறுவை செய்யப்போகிறவரே ஊசித் தடத்தைத் தீர்மானித்து, கட்டியோடு அந்தத் தடத்தையும் சேர்த்து எடுப்பார். மார்பகத்துக்கு இந்தத் தடை கிடையாது. அத்தையின் பயம் எங்கிருந்து வருகிறது என்றால், நம் ஊர்களில் பலர் கட்டி புண்ணாகும்வரை காட்டுவதில்லை. காட்டியதும் ஊசி போடுகிறார்கள், முடிவு வருகிறது, ஏற்கெனவே முற்றியிருந்த நோய் சில மாதங்களில் ஆளைக் கொண்டுபோய்விடுகிறது. பழி ஊசிமேல் விழுகிறது. அத்தையிடம் சண்டை போடாதீர்கள், இதை எடுத்துச் சொல்லுங்கள்.

கட்டி பெரிதாகத் தெரிவது உள்ளே தேங்கிய ரத்தத்தால். ஒன்றிரண்டு வாரத்தில் வடியும். வலித்தால் பாராசிட்டமால் 500 மி.கி. போதும். மருத்துவரைக் கேட்காமல் ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் வேண்டாம், ரத்தக்கசிவு கூடும். ஏற்கெனவே இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர் என்றால் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். காய்ச்சல், சீழ், மணிக்கு மணி ஏறும் வீக்கம் இருந்தால் அன்றே காட்டுங்கள். வீட்டில் ஆளுக்கு ஒருமுறை அமுக்கிப் பார்ப்பதை நிறுத்துங்கள். எண்ணெய் தடவி உருவிவிடுவது, பத்து போட்டுப் பழுக்கவைப்பது கூடவே கூடாது. தோல் வெந்து சிவந்துவிட்டால், அது நோயால் வந்த சிவப்பா, பத்தால் வந்ததா என்று பிரிக்க முடியாமல் போகும். தோலை நோய் தொட்டதாகக் கணக்கிட்டால் நோயின் நிலையே (ஸ்டேஜ்) மாறிவிடும்.

ரிப்போர்ட்டில் இருப்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பை-ராட்ஸ் என்பது மார்பகப் படத்தில் தெரிவது எவ்வளவு சந்தேகத்துக்குரியது என்று சொல்லும் எண். 4சி என்றால் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 50 விழுக்காட்டுக்கு மேல், 95க்குள். "ஒன்றும் இருக்காது" என்று நான் எழுதினால் அது உங்களுக்குச் செய்யும் உதவி ஆகாது. அதே சமயம் கொழுப்புத்திசு நைவு (கொழுப்பு நைந்து கட்டியாவது), மார்பகக் காசநோய் போன்றவையும் ஸ்கேனில் இதே தோற்றம் காட்டும். நெறியின் கார்ட்டெக்ஸ், அதாவது அதன் வெளி அடுக்கு, 3 மி.மீ.க்கு மேல் தடித்தால் சந்தேகப்படுவோம். ஆனால் கையில் புண், தடுப்பூசி, ஏதோ ஒரு தொற்று, இவற்றாலும் நெறி கட்டும். அந்த நெறியிலும் ஊசி போட்டுப் பார்த்தார்களா என்று கேளுங்கள். போடவில்லை என்றால் அடுத்த முறை போகும்போது அதை நினைவூட்டுவது உங்கள் வேலை.

நெறியில் நோய் இருப்பதாக வந்தாலும் அது "உடம்பெல்லாம் பரவிவிட்டது" என்பதல்ல. 2 செ.மீ.க்கு மேல் 5 செ.மீ.க்குள் கட்டி, நெறியில் இல்லை, வேறெங்கும் இல்லை என்றால் நிலை 2ஏ. நகரக்கூடிய அக்குள் நெறியிலும் இருந்தால் 2பி. இரண்டிலும் குணப்படுத்துவதுதான் குறிக்கோள். தொலைவிலுள்ள உறுப்புக்குப் போனால்தான் நிலை 4.

இடுப்பு வலி பல வருடமாக இருக்கிறது, குனிந்து நிமிர்ந்தால் கூடுகிறது, படுத்தால் குறைகிறது என்றால் அது பெரும்பாலும் தேய்மான வலிதான். எலும்பில் நோய் தங்கினால் வலி புதிதாக வரும், ஓய்விலும் இரவிலும் விடாமல் இருக்கும், வாரத்துக்கு வாரம் ஏறும், எலும்பின் ஓரிடத்தில் தட்டினால் சுள்ளென்று வலிக்கும். இடுப்பு வலியோடு கால் மரத்துப்போனாலோ, பலம் குறைந்தாலோ, சிறுநீர் போக முடியாமல் அடைத்தாலோ, தெரியாமலே கழிந்தாலோ அன்று இரவே அவசரப் பிரிவுக்குப் போங்கள். தண்டுவடம் நசுங்கினால் சில மணி நேரத்திலேயே கால் பலம் போய்விடலாம். தீராத தாகத்தோடு வாந்தியும் குழப்பமும், மூச்சுத்திணறல், முதல்முறையாக வலிப்பு, இவையும் காத்திருக்கக் கூடாதவை. இவற்றில் எதுவும் இப்போது இல்லை என்றால் வழக்கமான இடுப்பு வலியை அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் சொன்னால் போதும். தேவையென்றால் அவர் எலும்பு ஸ்கேன் எழுதுவார்.

பெட் ஸ்கேனை இப்போது எடுக்காதீர்கள். சதைப் பரிசோதனை முடிவு வராமல் எடுத்தால் குழப்பம்தான் மிஞ்சும். அதில் செலுத்துவது கதிரியக்க ஃபுளோரின் கலந்த ஒருவகைக் குளுக்கோஸ். குளுக்கோஸை அதிகம் உறிஞ்சும் எதுவும் ஒளிரும். ஊசி போட்டு ஆறாத இடம் ஒளிரும், பழைய காசநோய் நெறி ஒளிரும். காசநோய் இவ்வளவு இருக்கும் நாட்டில் ஒளிர்ந்ததையெல்லாம் புற்று என்று எடுத்துக்கொண்டு நிலைகுலைந்த குடும்பங்கள் உண்டு. சில மில்லிமீட்டர் அளவே உள்ள நோய் ஒளிராமலும் போகும். கட்டி சிறிதாக, நெறி சுத்தமாக, வேறு தொந்தரவு ஏதும் இல்லாதவர்களுக்கு இந்த ஸ்கேனே தேவைப்படாது. அம்மாவுக்குத் தேவை என்று பின்னால் முடிவானால், 4 முதல் 6 மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் மட்டும் குடிக்கலாம். சர்க்கரை 200க்குக் கீழே இருக்க வேண்டும். மெட்ஃபார்மின் குடலை ஒளிரவைத்து வயிற்றுப் பகுதியை மறைக்கும் என்பதால் சில மையங்களில் இரண்டு நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அவர்கள் சொன்னால் மட்டும் நிறுத்துங்கள். "சர்க்கரை சாப்பிட்டால் புற்று வளரும்" என்று யாராவது சொல்லி அம்மாவைப் பட்டினி போடவும் வேண்டாம். கீமோ தேவைப்பட்டால் அதோடு கொடுக்கும் ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றிவிடும், ஆகவே இந்த நாட்களில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவதும் எடை குறையாமல் சாப்பிடவைப்பதும்தான் பயன் தரும். லேபிள் இல்லாத சூரணம், பஸ்பம் எதுவும் வேண்டாம். கல்லீரலோ சிறுநீரகமோ கெட்டால் மருந்தின் அளவைக் குறைக்க வேண்டிவரும்.

பத்து நாள் ஏன் ஆகிறது என்று தெரிந்தால் காத்திருப்பது கொஞ்சம் எளிதாகும். தம்பி கொண்டுபோன பாட்டிலில் இருந்தது ஃபார்மலின். சதை அதில் குறைந்தது 6 மணி நேரமும் அதிகபட்சம் 72 மணி நேரமும் ஊற வேண்டும். வெறும் தண்ணீரிலோ சலைனிலோ போட்டால் செல்கள் அழுகிவிடும். அன்றே கொடுத்திருந்தால் கவலையில்லை. பிறகு அதை மெழுகுக்குள் பதித்து, மில்லிமீட்டரில் இருநூற்றில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவி, சாயமேற்றிப் பார்ப்பார்கள். இந்த முதல் ரிப்போர்ட் சில நாட்களில் வந்துவிடும். புற்றுநோய் என்றால், எந்த மருந்து பலிக்கும் என்று காட்டும் இ.ஆர்., பி.ஆர். (இரண்டும் ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்2 (ஒரு புரதம்) என்ற மூன்று சோதனைகளுக்கு இன்னும் சில நாள். ஹெர்2 '2+' என்று, அதாவது உறுதியாகச் சொல்ல முடியாமல், வந்தால் ஃபிஷ் என்ற மரபணுச் சோதனைக்கு மேலும் ஒரு வாரமோ கூடுதலோ ஆகும். தாமதமானால் கெட்ட செய்தி என்று அர்த்தமில்லை, கூடுதல் சாயம் போட்டுப் பார்க்கிறார்கள் என்றுதான் அர்த்தம். பத்து வேலைநாள் தாண்டினால் ஆய்வக எண்ணைச் சொல்லி விசாரியுங்கள்.

ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் பலர் தவறாகப் படிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. 'கிரேடு 3' என்பது நிலை 3 அல்ல. செல்கள் எவ்வளவு மாறிப்போயிருக்கின்றன என்பதைக் கிரேடு சொல்கிறது, எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை நிலை சொல்கிறது. ஹெர்2 '3+' என்பதும் நிலையல்ல, அதற்கென்றே தனி மருந்து இருக்கிறது என்ற தகவல். புற்றுநோய் இல்லை என்று வந்தாலும் உடனே கோப்பை மூடிவிடாதீர்கள். 4சி என்று சொன்ன படத்துக்கு அந்த முடிவு பொருந்துகிறதா என்று கேளுங்கள். பொருந்தாவிட்டால் மறுபடியும் சதை எடுக்க வேண்டும். ஊசி குறி தவறியிருக்கலாம்.

இதற்கிடையில் யாராவது "சின்னக் கட்டிதானே, மரக்கவைத்து எடுத்துடலாம்" என்று சொன்னால் சம்மதிக்காதீர்கள். நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். நோய் என்னவென்று தெரியாமல் கட்டியைத் தோண்டி எடுத்தால் ஓரங்களில் நோய் மிச்சமிருக்கும். இரண்டாவது அறுவை வேண்டிவரும், கீமோ முதலில் கொடுத்துக் கட்டியைச் சுருக்கி மார்பைக் காப்பாற்றும் வாய்ப்பும் போய்விடும்.

அம்மாவிடம் சொல்வது பற்றி. சதை எடுக்க அனுமதித்தது அவர்தான், உடம்பும் அவருடையது. ஏதோ இருக்கிறது என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும். நீங்கள் எல்லோரும் சமையலறையில் கிசுகிசுத்துவிட்டு, அவர் வந்ததும் பேச்சை நிறுத்தினால், தனியாகப் பயப்படுவார். இன்னும் முடிவு வராததால் "உனக்குப் புற்றுநோய்" என்று சொல்ல வேண்டியதில்லை, "ஒன்றுமில்லை" என்று பொய் சொல்லவும் வேண்டியதில்லை. "கட்டி எதனாலன்னு பாக்க அனுப்பியிருக்காங்கம்மா. நல்லதாவும் இருக்கலாம், கெட்டதாவும் இருக்கலாம். எதுவானாலும் வைத்தியம் இருக்கு, நான் கூடவே வர்றேன்." இவ்வளவு போதும். பிறகு, "முடிவு வந்தா டாக்டர் உன்கிட்டயே எல்லாத்தையும் சொல்லட்டுமா, எங்கிட்ட சொல்லட்டுமா?" என்று அவரையே கேளுங்கள். என்ன பதில் சொன்னாலும் அதன்படி நடங்கள். அப்பாவிடம், மறைத்துவைத்தால் சிகிச்சை நாளில் அம்மா யாரையும் நம்ப மாட்டார் என்று சொல்லுங்கள். அப்பாவும் பயத்தில்தான் அப்படிச் சொல்கிறார், அவரையும் கொஞ்சம் கவனியுங்கள். இது தொற்றுநோய் இல்லை. தட்டு, டம்ளரைத் தனியாக வைக்கும் பேச்சை யாராவது எடுத்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

காகித வேலைகளை இப்போதே முடியுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் ரூ.1,20,000க்குள் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை கிடைக்கும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழ் வேண்டும். காப்பீட்டு அட்டை இல்லையென்றால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்தில் பதியலாம். சந்தேகங்களுக்கு 104க்குப் போன் செய்யுங்கள். சிகிச்சையை எங்கே செய்தாலும் அறுவை, கீமோ, கதிர்வீச்சு மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடத்தில் ஒருமுறை காட்டிவிட்டுத் தொடங்குங்கள். சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம், புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி. போன்றவை அப்படிப்பட்டவை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்தில் இருந்தால் அங்கும் கேளுங்கள்.

முடிவு வாங்கப் போகும் நாளில் ரிப்போர்ட்டோடு மெழுகுக் கட்டைகளையும் கண்ணாடி ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கி வையுங்கள். இன்னொரு மருத்துவமனைக்குப் போனால் அதைத்தான் முதலில் கேட்பார்கள், இல்லையென்றால் அம்மாவுக்கு மறுபடியும் ஊசி போட வேண்டிவரும். மம்மோகிராம் சி.டி., சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், சர்க்கரை ரிப்போர்ட் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். மருத்துவர் பேசும்போது நீங்கள் அம்மாவின் பக்கத்தில் உட்காருங்கள், தம்பி நோட்டில் எழுதட்டும். அதிர்ச்சியில் காதில் விழுந்ததில் பாதி மறந்துபோகும். எழுதியதை அன்று மாலை வீட்டில் மூன்று பேரும் அம்மாவோடு உட்கார்ந்து இன்னொருமுறை படியுங்கள்.